புவித்தொடுப்பும் உலோகக் கவசமும்

கணினி தொழிற்படுங்கால் அதனுள் மின்னோட்டம் செக்கனுக்குப் பல மில்லியன் முறை மாறுகின்றது. அம்மாற்றத்தால் எழும் மின்காந்த அலை, அயலிலுள்ள வானொலிக்கு இரைச்சலாவதுடன் செய்தியையும் சுமந்து செல்லக்கூடும். 1985 ஆம் ஆண்டில் ஒல்லாந்துப் பொறியியலாளர் விம் வான் எக் என்பார், கணினித் திரையில் தோன்றிய எழுத்துக்களைத் தொலைவிலிருந்தே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியிற் பெறலாமென வெளிப்படுத்தினார்.

இவ்வலையைத் தடுக்கும் வழி யாது? புவித்தொடுத்தலே போதுமென்பர் பலர். மழைநீர் குழாய்வழி இறங்குதல்போல அலையும் கம்பிவழியே மண்ணுள் இறங்கிவிடும் என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்துமாவென ஆராய்வாம்.

புவித்தொடுப்பின் தொழில் வேறு. காவலி பழுதுற்று உயிர்க்கம்பி உலோகப் பெட்டியைத் தொடுமாயின், பெருமின்னோட்டம் புவிக்கம்பிவழிப் பாய்ந்து உருகியை உருக்கும். பெட்டியைத் தொடுவோர் உயிர் காக்கப்படும். செக்கனுக்கு 50 முறை மாறும் வீட்டு மின்னோட்டத்துக்கு அக்கம்பி எளிய வழியே. 100 மில்லியன் முறை மாறும் ஓட்டத்துக்கோ, ஒரு மீற்றர் நீளக் கம்பியும் தூண்டலினால் ஏறத்தாழ 600 ஓம் தடங்கல் காட்டும். அவ்வலையின் நீளம் 3 மீற்றரே. ஆதலின் அக்கம்பி தானே வான்கம்பியாகி அலைபரப்பவுங்கூடும்.

கவசத்தின் இயல்பை 1836 இல் மைக்கல் பரடே விளக்கினார். பன்னிரண்டு அடிப் பக்கமுள்ள ஒரு கூண்டைக் கடத்தியாற் போர்த்து, நிலத்தினின்றும் காவலிட்டு, வலிதாக மின்னேற்றுவித்து, அதனுட் புகுந்தார். உள்ளே மின்காட்டிகள் அசையவில்லை. அக்கூண்டு புவியோடு தொடுக்கப்படவில்லை என்பதே கருதத்தக்கது. மாறும் அலைக்கும் புவித்தொடுப்பு வேண்டப்படுவதன்று. உள்ளிருந்து வரும் அலை கவசத்தின் உட்பரப்பில் மின்னோட்டத்தை எழுப்ப, அவ்வோட்டம் அலையைத் திருப்பிவிடும்; எஞ்சியது உலோகத்துள் தேய்ந்தொழியும். விண்ணிற் பறக்கும் விமானத்தின் கருவிகள் புவிக்கம்பியின்றியே கவசத்தாற் காக்கப்படுதல் இதற்குச் சான்றாம்.

எனினும், கவசத்துக்கும் குறையுண்டு. 30 சென்ரிமீற்றர் நீள அலைக்கு 15 சென்ரிமீற்றர் நீளமான பிளவு, எத்துணை ஒடுங்கியதாயினும், நல்ல வாயிலாகும். பெட்டியினின்றும் வெளிச்செல்லும் வடங்களும் அலையைச் சுமக்கும். ஆதலின் மூட்டுக்கள் இடைவெளியின்றிப் பொருந்துதலும், வடத்தின் உலோக உறை பெட்டியோடு சுற்றிலும் இணைதலும் வேண்டும்.

கவசத்தைக் கழற்றிவிட்டுப் புவிக்கம்பியை நம்புதலும், கவசம் உண்டெனப் புவிக்கம்பியை நீக்குதலும் ஒருங்கே தவறாம். முன்னது செய்தியைப் புறம்போக்கும். பின்னது உயிர்க்கே ஊறு செய்யும்.