கரிசல் காட்டில் பழைய வேன் தேடுவோருக்கு

அறுபதுகளின் வேன்களைச் சேர்ப்பவர்களிடம் கேட்டால் முதலில் ஃபோக்ஸ்வேகன் பெயரைத்தான் சொல்வார்கள். 1963-ல் செய்த, 23 ஜன்னல் வைத்த ஒரு வண்டி 2011-ல் அமெரிக்க ஏலமொன்றில் 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. அருப்புக்கோட்டைக்காரர் அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. நமக்கென்று இரண்டு வண்டிகள் இருக்கின்றன.

ஒன்று, ஸ்டாண்டர்ட் 20. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் 1958-ல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் அட்லஸ்தான் இதன் மூத்த பிறப்பு. அங்கே அதன் உற்பத்தி நின்ற பிறகும் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்த் தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மெட்டடோர். ஹம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியின் வடிவம். 1969 முதல் பஜாஜ் டெம்போ இங்கே செய்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்.

ஸ்டாண்டர்டில் என்ஜின், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருக்கும். வண்டிக்கு மூக்கு நீளாது, உள்ளே இடம் மிச்சம். மூடியைத் தூக்கி, மெக்கானிக் உள்ளே உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் திருச்சுழி வரை ஓட்டிப் பாருங்கள், இடது கால் வெந்துவிடும். மெட்டடோரில் முன்சக்கரமே வண்டியை இழுக்கிறது. பின்சக்கரத்துக்கு நீளத் தண்டு போக வேண்டியதில்லை என்பதால் தளம் தாழ்ந்திருக்கும். குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் அப்பத்தாக்கள் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறிவிடுவார்கள்.

இந்த வயது வண்டிக்கு எமன் துரு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தூத்துக்குடியிலோ சென்னையிலோ காலம் தள்ளிய வண்டியைவிட, நம் வறண்ட காட்டில் கிடந்த வண்டியின் தகரம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். வெயில் ரப்பரையும் பெயின்டையும் தின்னும். தின்னட்டும், அவை மாற்றக்கூடியவை.

ஆனால் இதே மண்ணில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஐப்பசி மழையில் கரிசல் சேறு சக்கரக் கூண்டுக்குள் அப்பிக்கொண்டால், வெளியே தரை வெடித்துக் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். இன்னொன்று, பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. வண்டியை ஆசையாசையாக அதில் கழுவினவர், கடற்காற்றைக் குழாயில் பிடித்து அடித்த கணக்குத்தான். ஆகவே பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்கரக் கூண்டின் மேல் மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டுத் தகரம் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் தகரம், 'டொப்' என்றால் பட்டி. துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். அதில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பயப்பட வேண்டாம். 1985 வரை இந்தப் பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. சேசிஸ் நம்பர் வண்டியிலும் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். வாடகைக்கு விட முடியாது. விதி பேசுவது டிரைவர் போக எட்டுப் பேர் வரை உட்காரும் சொந்த உபயோக வண்டிகளைப் பற்றி. நம் வேன்கள் பலவற்றுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சீட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஓடவில்லை என்பதற்காக வண்டியை விட்டுவிட வேண்டாம். புஷ், பின் போன்றவற்றை லேத்துக்காரர் கடைந்து தந்துவிடுவார். பெட்ரோல் வண்டியானால் பழைய ரப்பர் குழாய்களை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவை தாங்காது. உண்மையில் தேடி அலைய வைப்பது வளைந்த முன்கண்ணாடியும் கதவு ரப்பரும்தான். கண்ணாடி கீறல் விழாமல் இருக்கிற வண்டிக்கு, என்ஜின் செத்திருந்தாலும், கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.