கதவுக்கு உள்ளே அவளுக்கு யார் துணை?

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு, முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். 1801-இல் தோன்றிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. சற்றுத் தள்ளி, கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். பக்கத்துக் குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம். நிறைமாதப் பெண்ணுக்காக வேண்டிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. எந்தச் சந்நிதியில் நின்றாலும் வேண்டுதல் ஒன்றுதான்: "தாய் வேறு, பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிய வேண்டும். கத்தி படாமல் பிறக்க வேண்டும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் பின்னால் ஒரு பெண்ணின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

குழந்தை குறுக்கே கிடக்கலாம். அதன் இதயத் துடிப்பு குறையலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருக்கலாம். "சிசேரியன்தான்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். கையெழுத்து வாங்குகிறார்கள், தள்ளுகட்டில் நகர்கிறது, கதவு மூடுகிறது. உறவினர் எல்லாரும் வெளியே பிரார்த்தனையில் இருக்கிறார்கள். உள்ளே அவளுக்கு யார் துணை?

முதுகுத்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். மார்புக்குக் குறுக்கே திரை கட்டுவார்கள். வலி இராது, ஆனால் வயிற்றைப் பிடித்து இழுப்பது, அமுக்குவது தெரியும். உடம்பு வெடவெடவென்று நடுங்கலாம். இதெல்லாம் வழக்கம் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும். சொல்லாவிட்டால், "எனக்கு என்னவோ ஆகிவிட்டது" என்றே அவள் நினைப்பாள்.

ஆகவே, பரிசோதனைக்குப் போகும்போதே டாக்டரிடமும் தாதியிடமும் மூன்று கேள்விகள் கேட்டு வையுங்கள். அறுவை நேர்ந்தால் கணவரோ வேறொருவரோ உள்ளே இருக்கலாமா? நடப்பதை அவ்வப்போது எனக்குச் சொல்வீர்களா? குழந்தையை உடனே என் கன்னத்தில், மார்பில் வைப்பீர்களா? மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி வேறுபடும். முழு மயக்கம் கொடுக்கும் அவசர அறுவையில் பெரும்பாலும் யாரையும் விடமாட்டார்கள். அனுமதி கிடைத்தால், கணவர் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும். வீரம் பேச வேண்டாம். "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்ற ஒரு சொல்லே மருந்து.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. பிரசவ வேளையில் இடைவிடாத துணை பற்றி 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்டார்கள். துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்தது; பிரசவம் பற்றிய கசப்பும் குறைந்தது. தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவரைத் துணையாக அனுமதிக்கத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2018-இல், பெண் தானே விரும்பும் துணையை அனுமதிக்கும்படி பரிந்துரைத்தது. பிரசவ அறையில் வந்த அந்த மனம் அறுவைக் கூடத்துக்கும் வரவேண்டும் அல்லவா?

அடுத்த சோதனை வீட்டில் காத்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், "நாங்களெல்லாம் லயத்து வீட்டிலேயே பெற்றோம், இவளுக்கு வலியே இல்லாமல் பிள்ளை வந்துவிட்டது" என்பார்கள். மாமியார்களே, பெரியம்மாக்களே! வயிற்றில் அடுக்கடுக்காக வெட்டித் தைத்த வலியோடு எழுந்து பால் கொடுக்கிறாளே, அது வலி இல்லையா? கத்தி பட்டது அவள் குற்றமல்ல. அந்தக் கத்திதான் இரண்டு உயிரைக் காத்தது. பத்தியக் குழம்போடு இந்தச் சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வரும். பெரும்பாலும் தானே தணியும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, குழந்தை மேல் நாட்டமில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது நோய். "பேய் பிடித்தது" என்று மந்திரிக்க ஓடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கணவர்மார்களுக்கு ஒரு செய்தி. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த மணமான ஆணுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பேறு நாளுக்கு 30 நாளுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அந்த ஏழு நாளும் காப்பிக் கடைக்கல்ல. அவள் கட்டிலருகே இருப்பதற்கு.

அடுத்த முறை பள்ளிவாசல் சாலைப் பக்கம் போகிறவர்கள் வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எப்படிப் பிறந்தாலும் சரி. தாயும் சேயும் நலமாக வரட்டும். அந்த நேரத்தில் அவள் கையைப் பிடிக்க ஒரு கை இருக்கட்டும்.