கழியறை

தமிழிலக்கணம் கற்றோர் இடக்கரடக்கலை அறிவர். அவையிற் சொல்லத்தகாத ஒன்றைப் பிறிதொரு வாய்பாட்டால் மறைத்துக் கூறுதல் அது. ‘கால்கழுவி வந்தேன்’ என்பது யாம் ஆண்டுதோறும் வகுப்பிற் காட்டும் உதாரணம். நாகரிகத்துக்கு இஃது இன்றியமையாததே. ஆயின், அறிவுத்துறையிலும் இக்கூச்சத்தைக் கொண்டு புகுவோமாயின் இழப்பு நமக்கே. அதற்குச் சான்றாகும் ஓர் உறுப்பைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழாசிரியர்க்கு விலங்கியலில் என்ன அலுவல் என வினவும் பழைய மாணவர் சற்றே பொறுத்தருள்க.

பறவை, பாம்பு, தவளை, சுறா முதலியவற்றில் மலம், சிறுநீர், இனப்பெருக்கப் பொருள் ஆகிய மூன்றும் ஒரே அறையை அடைந்து ஒரே வாயிலால் வெளியேறுகின்றன. அவ்வறையைக் கழியறை என்போம். மேனாட்டார் இதற்கிட்ட ‘குளோவாக்கா’ என்னும் இலத்தீன் பெயர் சாக்கடையைக் குறிப்பது. பண்டைய உரோமாபுரியின் பெருங் கழிவுநீர்க் கால்வாய்க்கும் அதுவே பெயர். பெயரிட்டோர் இழிவையே கண்டனர் போலும்!

கோழியை எடுத்துக்கொள்வோம். அதன் கழியறை மடிப்புகளால் மூன்று பகுதிகளாகப் பிரிந்துள்ளது. முன்பகுதியிற் குடல் முடிகிறது; நடுப்பகுதியிற் சிறுநீர்க் குழாய்களும் முட்டைக்குழாயும் திறக்கின்றன; கடைப்பகுதி புறத்தே திறக்கிறது. கோழிக்குச் சிறுநீர்ப்பை இல்லை. நடுப்பகுதியில் வந்திறங்கும் சிறுநீர் உடனே வெளிச்செல்லாது, பின்னோக்கிப் பெருங்குடல்வரை ஏறுகிறது. ஆங்கே நீரும் உப்பும் மீள உறிஞ்சப்படுகின்றன. எச்சத்திற் காணும் வெண்பகுதி பெரும்பாலும் யூரிக்கமிலமே. மரநிழலிற் சைக்கிளை நிறுத்தியோர் இதனை நன்கறிவர்.

அவ்வழியே வரும் முட்டை அழுக்குறாதோ எனின், ஆங்கும் ஓர் ஒழுங்குண்டு. இடும் வேளையில் முட்டைக்குழாயின் இறுதிப்பகுதி, சட்டைக் கையை உட்புறம் வெளியாக இழுத்தாற்போலப் புரண்டு கழியறையூடே வெளிவருகிறது; ஆதலால் முட்டை பெரும்பாலும் மலத்தைத் தீண்டாமலே பிறக்கிறது. ஓட்டிற் படியும் அழுக்கிற் பெரும்பகுதி கூட்டிலிருந்து வந்ததேயாம்.

அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்தில், விற்சுரோய் ஆற்றில் வாழும் ஆமையொன்று கழியறைப் பைகளால் நீரிற் கரைந்த ஒட்சிசனைப் பெற்று நெடுநேரம் மூழ்கியிருக்க வல்லது. மனிதரும் இவ்வுறுப்புக்கு முற்றும் அந்நியரல்லர். கருவின் தொடக்க வாரங்களில் நமக்கும் கழியறை உண்டு. ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் ஒரு தடுப்பு அதனை இரண்டாகப் பிரிக்கிறது. அப்பிரிவு நிறைவுறாவிடின், அரிதாகச் சில பெண்குழந்தைகள் ஒரே துவாரத்துடன் பிறக்கின்றன. சத்திரசிகிச்சையால் இதனைச் சீர்செய்ய இயலும். அதற்குப் பிறந்தவுடன் கூசாது நோக்கி அறிதல் வேண்டும்.

இனி, யாம் சொல்ல விழைந்த முதன்மையான செய்தி. கோழியின் கழியறை மேற்புறத்தே சிறு பையொன்று உண்டு. இத்தாலியின் பாதுவா நகர்ப் பேராசிரியர் பப்பிரிசியசு அதனைக் கண்டெழுதினார். அவர் மறைந்தபின் 1621இல் அக்குறிப்பு நூலில் வெளிவந்தது. பையின் பயன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக விளங்கவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் புறூசு கிளிக் என்னும் மாணவர் குஞ்சுகளிலிருந்து இப்பையை அகற்றி ஆராய்ந்தார். குறிப்பிடத்தக்க மாற்றமொன்றும் புலப்படவில்லை. பின்னர், உடன் பயின்ற திமொதி சாங் என்பார், நோய்க்கிருமியை உட்செலுத்தினால் உடல் பிறபொருளெதிரியை ஆக்குதலை வகுப்பிற் காட்டவேண்டி, அவரிடம் கோழிகளை இரவல் பெற்றார். சில கோழிகள் அதனை ஆக்கவில்லை. அவை யாவை எனப் பார்த்தபோது, பை அகற்றப்பட்டவையே அவை!

முதன்மை வாய்ந்த அறிவியல் இதழொன்று அவர்தம் கட்டுரையை ஏற்கவில்லை. 1956இற் கோழியியல் இதழொன்றில் அது வெளியாயிற்று. நோயெதிர்ப்பியலார் அதன் பெறுமதியை உணரச் சில ஆண்டுகள் சென்றன. பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களின் மரபு கோழியில் இப்பையிலேயே முதிர்கிறது. மனிதருக்கு அப்பை இல்லை. நம்மில் அக்கலங்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன. எனினும் அவற்றுக்கு மருத்துவர் வழங்கும் ‘பி கலம்’ என்னும் பெயரிலுள்ள ‘பி’, பையைக் குறிக்கும் ‘பேர்சா’ என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தே.