காலடிப் பச்சை – 14: இளஞ்சிவப்பை நம்பிப் பெயர் சொல்லலாமா?

மழை விட்ட சில நாட்களில் பள்ளிப்பட்டு வட்டாரத்துச் செம்மண் மேடுகளிலும் கொசஸ்தலை ஆற்றோர மணலிலும் முழங்கால் உயரம்கூட எட்டாத செடிகள் பூக்கத் தொடங்கும். அவற்றில் பல இளஞ்சிவப்பு. ஒரு பூவைக் கைப்பேசியில் படம் எடுத்து, ‘மணல் நிலம், குட்டைச் செடி, இளஞ்சிவப்புப் பூ, இது என்ன?’ என்று யாராவது கேட்டால், மூலிகை ஆர்வம் உள்ளவர் வாயில் முதலில் வருகிற பெயர் ஓரிதழ்த் தாமரை. பல வேளை அது சரியாகவே இருக்கும். ஆனால் கேட்டவர் தந்த மூன்று அடையாளங்களை மட்டும் வைத்து அந்த விடையை யாராலும் நிறுவ முடியாது. அதே மணலில், அதே பருவத்தில், ஏறக்குறைய அதே நிறத்தில் பூக்கிற செடிகள் இன்னும் பல உண்டு. செடி இருக்கும் இடத்துக்கு நம்மை அழைத்துப் போவதோடு நிறத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அது எந்தச் செடி என்று முடிவு செய்ய இலையின் அடியையும் காயையும் வித்தையும் பார்த்தாக வேண்டும். ஓரிதழ்த் தாமரை மருந்துக்காகப் பிடுங்கப்படுகிற செடி. தவறான செடியைப் பிடுங்கினால் அந்தத் தவறு நேராக ஒருவர் வயிற்றுக்குள் போகிறது. அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் இந்த ஒரு செடிக்குக் கொடுக்கிறேன்.

தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மலைவாசத் தலத் தோட்டங்களில் நாம் பார்க்கும் பான்சிப் பூவும் வயலட் பூவும் இதன் குடும்பத்தார். வேர்த்தண்டு கட்டைபோல் உறுதியானது. அதிலிருந்து பல கிளைகள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு எழும். இலைகள் மாறி மாறி அமைந்தவை, குறுகி நீண்டவை, காம்பு இருப்பதே தெரியாதவை. விளிம்பு சில செடிகளில் சீராக இருக்கும், சிலவற்றில் சிறு பற்களோடு இருக்கும். ஒவ்வோர் இலையின் அடியிலும் இருபுறமும் ஊசிபோன்ற இரண்டு சிறு செதில்கள் நிற்கும். இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பில் ஒரே ஒரு பூ. பூவில் உண்மையில் ஐந்து இதழ்கள் இருக்கின்றன. கீழிதழ் மட்டும் அகன்று விரிந்து, குறுகிய அடியோடு தொங்குகிறது. மற்ற நான்கும் அதற்கு மேலே சிறுத்து ஒடுங்கிக் கிடக்கின்றன. பெயரை நம்பி ஓர் இதழைத்தான் பார்க்க வேண்டும் என்று போகிறவர், உற்று நோக்கி ஐந்தை எண்ணியதும் ‘இது வேறு செடி’ என்று கீழே போட்டுவிடக்கூடும். பூவின் நடுவே ஐந்து மகரந்தப்பைகள் சூலகத்தைச் சுற்றிக் கூம்புபோல் நெருங்கி நிற்கும்; அவற்றின் உச்சியில் ஆரஞ்சு நிறச் சவ்வுகள். காய் மிளகைவிடச் சற்றே பெரிய உருண்டை. முற்றியதும் மூன்றாகப் பிளக்கும். மூன்று பிளவும் படகு வடிவில் விரியும். உள்ளே வெளிறிய, நீளவாக்கில் வரி ஓடிய வித்துகள். இதழ் ஒரு பகலில் வாடிவிடலாம், வெயிலில் வெளுக்கலாம், சில செடிகளில் ஊதாவின் பக்கம் சாயலாம். மூன்றாய்ப் பிளந்த அந்தக் காய் மட்டும் செடி காய்ந்த பிறகும் கிளையில் ஒட்டியிருக்கும்.

இனி அதே மணலில் நிற்கும் மற்றவர்களைப் பார்ப்போம். எளிதாக மயக்குவது சிவனார் வேம்பு. அதுவும் குட்டை, அதுவும் கிளைகள் அடர்ந்தது, அதற்கும் இலைக்கக்கத்தில் ஒற்றைப் பூ, நிறமும் சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு. தூரத்துப் படத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம். கிட்டே போனால் சிவனார் வேம்பின் இலை ஒரே இடத்திலிருந்து விரல்போல் பிரியும் சின்னஞ்சிறு சிற்றிலைகளாக இருக்கும். காய் நீண்டு உருண்ட அவரைவகைக் காய். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் இலையில் படிந்த மயிர்கள் நுனியால் அல்ல, நடுப்பகுதியால் ஒட்டியிருப்பது தெரியும்; அவுரி இனத்துச் செடிகளின் தனி முத்திரை அது. தரையோடு படரும் செப்பு நெருஞ்சிலும் இதே அவுரி இனம். அதன் பூக்கள் கக்கத்தில் கொத்தாக நெருங்கியிருக்கும். சிற்றிலைகள் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமையும். கொழிஞ்சிக்கு விவசாயிகள் எல்லோருக்கும் கைவந்த ஒரு சோதனை இருக்கிறது: சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்புமுனைபோல் வெட்டுப்பட்டுப் பிரியும். ஓரிதழ்த் தாமரையின் இலை அப்படிப் பிரியாது. மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் இலைகள் எதிரெதிரானவை, அதிலும் ஒரு கணுவில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூக்கிரட்டையின் காய் பிசுபிசுத்து வேட்டியில் ஒட்டும். சாரணையின் காய் இலையடிக்குள் புதைந்து, மூடி கழன்று கறுத்த வித்துகளைக் காட்டும். இந்த இரண்டும் புனர்நவா என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டு வருவது மருந்துச் சரக்கு உலகில் பழைய வழக்கு. நிறம் மட்டும் சாட்சி என்றால் இத்தனை செடிகளும் ஒரே கூண்டில் ஏறி நிற்கும். காயைக் கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே விலகிவிடும்.

பெயரை வைத்து மட்டும் தேடுவதும் இதே சிக்கலில்தான் கொண்டுவிடும். பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த பகுதி; இங்கே ஒரே வீட்டில் இரண்டு மொழியும் புழங்கும். தமிழில் ஓரிதழ்த் தாமரை என்று கேட்கும் செடியை நகரிப் பக்கம் ரத்தினபுருஷ என்பார்கள். ஓரிலைத் தாமரை என்று இன்னொரு பெயர் கேட்டால் எழுத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம்தான்; செடியோ ஒற்றை இலை விடும் நெர்விலியா என்னும் காட்டு ஆர்க்கிட். வடமொழி நூல்களின் ஸ்தலபத்மத்தை, அதாவது நிலத்தாமரையை, ஓரிதழ்த் தாமரைக்குப் பொருத்துகிறவர்கள் உண்டு. அதே ஸ்தலபத்மம் வங்காளத்தில் செம்பருத்தி இனத்து மரச்செடி ஒன்றின் பெயர். இவற்றில் எந்தப் பெயரும் பொய் இல்லை. அந்தந்த ஊரில் அந்தந்தச் செடியைச் சரியாகவே சுட்டுகின்றன. சரக்கு ஊர் விட்டு ஊர் போகும்போதுதான் சுட்டுவது குழம்புகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தலைமுறைகளாகச் செடி பறிக்கிறவர்களுக்கு லென்ஸும் வித்துவரியும் எதற்கு? திருவள்ளூர் மாவட்டத்து இருளர்களோ நாட்டு வைத்தியர்களோ ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்களே? சொல்லிவிடுவார்கள், ஐயமில்லை. ஆனால் அவர்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. செடி எழுந்து நிற்கும் விதம், கட்டைவேர், இலையைக் கசக்கினால் வரும் மணம், காயின் உருவம், நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாய்விட்டு விளக்காததால் அது வெறும் பழக்கம்போல் தோன்றுகிறது. உண்மையில் நான் மேலே எழுதியதைவிட நுட்பமான ஆய்வு அது. பறிக்கிறவர் கை வரைக்கும் ஆபத்து இல்லை. கிழங்கோ வேரோ இலையோ காய்ந்து, மூட்டையாகி, நாட்டுமருந்துக் கடையில் பொடியாகி நிற்கும்போது அவருடைய பார்வை கூடவே பயணம் செய்வதில்லை. ஓரிதழ்த் தாமரை பெரும்பாலும் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடியாக எடுக்கப்படுகிறது. பொடியில் இளஞ்சிவப்பும் இல்லை, ஐந்து இதழும் இல்லை.

இது வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மருந்து தந்த ஒரு மருத்துவமனையில் மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் வேகமாகச் செயலிழந்தன. 1993இல் லான்செட் இதழில் முதல் அறிக்கை வந்தது. பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்திருந்தது. சீன மொழியில் இரண்டின் பெயரும் ‘ஃபாங்ஜி’ என்றே முடியும். அந்த அரிஸ்டோலோக்கியாவின் நெருங்கிய உறவான ஆடுதீண்டாப்பாளை நம் வயல்வரப்புகளிலேயே வளர்கிறது. ஓரிதழ்த் தாமரையோடு அதை யாரும் குழப்ப மாட்டார்கள். இரண்டும் பார்வைக்கு வெகுதூரம். இந்த நிகழ்ச்சியை இங்கே சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே பிழை நேர்ந்தது பெயரில், பிழையைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய இடம் செடி காய்வதற்கு முன்.

இன்னொரு மறுப்பு விஞ்ஞானத்தின் பக்கத்திலிருந்தே வரும். தாவரவியலாரே பெயரை நிலையாக வைத்திருக்கவில்லையே? உண்மை. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இதை வயோலா என்ற பேரினத்தில் வைத்தார். அதே நூலில் இன்னொரு வயோலாவாகவும் விவரித்தார், பின்வந்தவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கேம்பிள் 1915 முதல் வெளியிட்ட சென்னை மாகாணத் தாவர நூலில் இது அயோனிடியம். 1980களில் திருச்சி ராபினட் தாவரகத்தின் கே.எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்தபோது ஹைபாந்தஸ். மரபணு ஆய்வுகள் ஹைபாந்தஸ் ஒரே கால்வழி அல்ல என்று காட்டியபின் 2015இல் ஆஃப்ரோஹைபாந்தஸ் ஆயிற்று. இப்போது பிஜியா என்றும் எழுதுகிறார்கள். இத்தனை இடமாற்றத்திலும் மாறியது உறவுமுறைபற்றிய தீர்ப்பு. எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் விவரிப்பும் உலர்தாவரகத்தில் ஒட்டிவைத்த மாதிரியும் இருக்கின்றன. லின்னேயஸ் தந்த இனப்பெயர் ஒன்பது வித்தைக் குறிப்பது. அது இன்றும் கூடவே வருகிறது. பிளந்த காயில் ஒன்பதை எண்ணியே தீர வேண்டும் என்று பொருள் இல்லை, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். ஆனால் இதழை விட்டு வித்துக்குப் போன அந்தக் கண் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

கைப்பேசிச் செயலிகள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். செயலிகளைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கிராமத்துப் பள்ளி மாணவிக்கு ஒரு தாவர நூலகத்தையே அவை கையில் கொடுக்கின்றன. ஆனால் கேமரா காட்டியதை வைத்துத்தான் செயலி பேச முடியும். அழகான பூவை மட்டும் நெருங்கி எடுத்து, பின்னணியை மங்கலாக்கிய படத்தில் இலையடிச் செதிலும் இல்லை, காயும் இல்லை. ஆதாரம் இல்லாத படத்துக்கு அது சொல்கிற பதில் பட்டியலில் முதலில் நிற்கிற ஊகம், அவ்வளவே.

ஆகவே பள்ளிப்பட்டிலோ பொதட்டூர்பேட்டையிலோ பூண்டி ஏரிக்குப் போகும் ஆற்றின் எந்தக் கரையிலோ இந்தச் செடியைப் பார்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஒரு படம் முழுச் செடி, தரையோடு. ஒரு படம் கணு, இலையடி தெளிவாக. பூவை நேர் எதிரிலும் பக்கவாட்டிலும். பிறகு பச்சைக் காய், முடிந்தால் பிளந்த காய், உள்ளங்கையில் வித்து. ஊர், தேதி, மண் வகை ஆகியவற்றை எழுதிவையுங்கள். மாதிரி எடுப்பதானால் காயோடு ஒரு கிளை போதும், செய்தித்தாளின் நடுவில் அழுத்திக் காயவிடலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் உள்ளன. கட்டைவேரைத் தோண்ட வேண்டாம். கோடையில் மேலே எல்லாம் கருகினாலும் அடுத்த மழைக்குத் துளிர்ப்பது அந்த வேரிலிருந்துதான். ஆற்றுமணல் அள்ளப்பட்டும், மேடுகள் மனைகளாகியும் செடி நிற்கிற இடம் குறைந்துவரும் ஊரில், எங்கே எவ்வளவு நிற்கிறது என்ற சரியான பதிவு ஒவ்வொன்றும் வேண்டும். தவறான பெயரில் எழுதிய நூறு பதிவுகள் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்த வாரம் கொழிஞ்சி: உழவர் உரமாக மடக்கி உழும் செடியும் அதன் காட்டுச் சகோதரிகளும்.