காலடியில் ஒரு காடு

கடைக்குக் கதவு உண்டு, பூட்டலாம். காட்டை மூட முடியுமா? 2014 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஒரு காட்டை மூடினார்கள். அது முழுமையாகத் திறக்கப்பட்டது 2016 அக்டோபரில்தான்.

அதன் பெயர் புக்கிட் தீமா. ஏறக்குறைய 163 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றும் அதைச் சுற்றிய 163 ஹெக்டேர் நிலமுமே அந்தக் காடு. (இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான்!) அடுக்குமாடி வீடுகளும் விரைவுச் சாலையும் அதை நெருங்கி நிற்கின்றன. ஆயினும் அதன் ஒரு பகுதி இன்றும் அழியாமல் எஞ்சியுள்ள ஆதி மழைக்காடு ஆகும். அங்கே 2 ஹெக்டேர் திடல் ஒன்றில் விஞ்ஞானிகள் 1993 முதல் மரங்களை அளந்து எண்ணி வருகிறார்கள். அந்தச் சிறு திடலில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன.

டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் வாலஸ் 1854-இல் இங்கே தங்கி, சுமார் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் வெட்டுவோர் சாய்த்துப் போட்ட மரங்களில்தான் அவருக்கு வண்டுகள் நிறையக் கிடைத்தன. கோடரி ஓயாமல் வேலை செய்திருந்தால் வண்டும் மிஞ்சியிராது. நல்லவேளையாக, 1883-இல் தொடங்கிய முயற்சிகளால் அது காப்புக் காடாயிற்று.

கோடரி போனது, காலணி வந்தது. காட்டைக் காண வருவோரின் காலடி எப்படி மரத்தைக் கொல்லும் என்று கேட்கிறீர்களா?

நல்ல காட்டு மண்ணில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அந்த நுண்துளைகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. வானளாவும் மரமாயினும், அது உணவு உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல் ஒன்றிரண்டு சாண் மண்ணிலேயே பரவியிருக்கும். ஆயிரம் கால்கள் மிதித்தால் துளைகள் நசுங்குகின்றன. வேருக்கு மூச்சு முட்டுகிறது. விழுந்த விதை வேர் விட வழியில்லை. மழைநீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி மண்ணை அரிக்கிறது. சிங்கப்பூரிலோ ஆண்டுக்கு 200 செ.மீ.க்கு மேல் மழை! சேறான பாதையில் கால் வைக்கத் தயங்கி நாம் ஓரமாக நடப்போம். பாதை அகலும். அடுத்தவர் இன்னும் ஓரமாக நடப்பார்.

ஆகவே புதுப்பிக்கும் பணி மண்ணிலிருந்தே தொடங்கியது. சரியும் சரிவுகளை உறுதிப்படுத்தினார்கள். பாதைகளின் சில பகுதிகளைத் தரையிலிருந்து உயர்த்தி நடைமேடைகள் ஆக்கினார்கள். மேலே மனிதர் நடக்க, கீழே வேரும் சிற்றுயிர்களும் தம் வேலையைப் பார்க்கின்றன. குன்றின் அடிவாரத்திலுள்ள பார்வையாளர் மையத்தையும் சீரமைத்தார்கள்.

மையத்தைப் பெரிதாக்குவதில்தான் சிக்கல். வகுப்பறை, கண்காட்சி, கழிப்பறை எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும். காட்டைப் பற்றிப் பாடம் நடத்தக் காட்டையே வெட்டுவதா? இதற்கு 2009-லேயே ஒரு நல்ல விடை கிடைத்திருந்தது. காட்டை ஒட்டிய பழைய பால்பண்ணை நிலத்தை இயற்கைப் பூங்காவாக்கி, அங்கிருந்த மாட்டுக் கொட்டிலைப் புதுப்பித்து வாலஸ் பெயரில் கல்வி மையம் அமைத்தார்கள். கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே சென்றால் குன்றுக்குச் சுமை குறையும். எனக்கு அந்தக் கொட்டில்தான், எந்தப் புதுக் கட்டடத்தையும் விடச் சிறந்த விரிவாக்கமாகத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் இழப்பு: நடைமேடையில் நடப்பவருக்கு ஈர மண் காலில் படுவதில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இறுகிய மண் தானாக இளகப் பல ஆண்டுகள் ஆகும்.

இதை உங்கள் பள்ளியிலேயே சோதிக்கலாம். இருபுறமும் மூடி நீக்கிய தகர டப்பா ஒன்றை, எல்லாரும் நடக்கும் பாதையில் இரண்டு விரற்கடை ஆழம் அழுத்துங்கள். (விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்!) ஒரு டம்ளர் நீர் ஊற்றி, அது முழுதும் வடிய ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு, யாரும் மிதிக்காத மரத்தடியிலும் அவ்வாறே செய்யுங்கள். காய்ந்த மண் முதல் டம்ளரை விரைவாகக் குடித்துவிடும். எனவே ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை ஊற்றி, மூன்றாவது நேரங்களை ஒப்பிடுங்கள்.