ஒரு மா நிலமும் பன்னிரண்டு வீடுகளும்

ஆற்று வண்டல் படிந்த நஞ்சை ஒருபுறமும், வல்லம் வரை உயர்ந்து செல்லும் செம்மண் மேட்டுநிலம் மறுபுறமுமாகக் காவிரிப் படுகையின் விளிம்பில் அமைந்திருக்கும் தஞ்சாவூரில், வீட்டு மனையின் கணக்கும் நெல் வயலின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டரில் 2.2 லட்சம் பேர் வாழ்ந்த இந்நகர் 2014-இல் மாநகராட்சியாயிற்று. மருத்துவக் கல்லூரியும், 1981-இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும் மேட்டுநிலத்துப் பக்கம் அமைந்ததால் நகரம் அத்திசையில் வளர்ந்ததெனினும், நகர நடுவில் மனை விலை எட்டாத உயரத்துக்குப் போனபின், கடை ஊழியரும் செவிலியரும் மலிவான மனையைத் தேடிப் புறநகருக்கு நகர, டெல்டாவின் சாலையோர வயல்களிலும் மனைக்கற்கள் நடப்பட்டன. ஒரு வயலில் மண் அடித்து மேடாக்கி, அதன் ஓரத்து வடிகாலையும் தூர்த்துவிட்டால், ஐப்பசி அடைமழையில் பக்கத்து வயலின் நீர் வடிய வழியின்றிச் சம்பா நாற்று அழுகும் என்பதால், விற்காத உழவரும் நாளடைவில் விற்க நேர்கிறது.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்றவற்றை இப்பகுதியில் தடுக்கிறது. வயல் மனையாவதை அத்தடைப் பட்டியல் தொடவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோதும், ஏற்கெனவே பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே, குறைந்த நிலத்தில் நிறைந்த வீடுகளைக் கட்டுவதே நஞ்சைக்கு உறுதியான காப்பு.

தஞ்சை வழக்கில் நூறு குழி கொண்டது ஒரு மா. அதாவது 14,400 சதுர அடி, ஆறு கிரவுண்ட். சாலைக்கு இடம் விடாமலே கணக்கிட்டாலும் 1,200 சதுர அடி மனைகளாக அதில் பன்னிரண்டு குடும்பங்களே குடியேற முடியும். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் குறிப்பது தளப்பரப்புக் குறியீடு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் உயரமல்லாத கட்டடங்களுக்கு அதனை 2 என வைத்துள்ளன. இதன்படி, படிக்கட்டு, நடைவழிப் பங்கையும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 800 சதுர அடி என்றால், அதே பன்னிரண்டு குடும்பங்களுக்கு இரண்டு கிரவுண்ட் போதும். நான்கு கிரவுண்ட் வயலாகவே நீடிக்கும்.

அடர்த்தி என்றதும் நெரிசலை எண்ணி அஞ்சுவது பொருந்தாது. ஒரு பரப்பில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது அடர்த்தி. ஓர் அறைக்குள் எத்தனை பேர் முடங்குகின்றனர் என்பது நெரிசல். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணத்தில் 2011-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 11,000 பேர் வாழ்ந்தனர். தஞ்சாவூரில் அது ஏறத்தாழ 6,000. வானளாவிய கட்டடங்கள் இல்லாமலே கும்பகோணம் இவ்வளவு பேருக்கு இடம் கொடுத்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடுத்து, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தும் சட்டம் பெரிய கோயிலுக்கும் பொருந்துவதால், தஞ்சைக்கு ஏற்றதும் இத்தகைய தாழ்ந்த, செறிந்த கட்டுமானமே.

அதன் இலக்கணத்தை அரண்மனையைச் சூழ்ந்த நான்கு வீதிகளின் பழைய வீடுகளில் காணலாம். தெருப்பக்கம் குறுகிய முகப்பு, திண்ணை, ரேழி, வெளிச்சமும் காற்றும் இறங்கும் முற்றம், பின்னே கொல்லை என நீண்டு, பக்கத்து வீட்டோடு சுவரைப் பொதுவாக்கிக்கொண்ட அவ்வீடுகள், நிலத்தை வீணாக்காமல் வெயிலையும் தணித்தன. இன்று அவற்றில் பல பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிக் கிடக்கின்றன, சில கிடங்குகளாகிவிட்டன. கோயில் மனையில் வாடகை கொடுத்து வீடு கட்டியிருக்கும் அடிமனைக் குடியிருப்போர், நிலத்துக்குப் பட்டா இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காமல் மாடி எழுப்பத் தயங்குகின்றனர்.

மாடி எழுந்தால் மட்டும் வாடகை குறைந்துவிடாது. புதிய வீடுகளை வசதி படைத்தவரே வாங்கிவிடக்கூடும். எனவே பழைய வீடுகளைப் பழுதுபார்க்கக் கடன், கீழே கடையும் மேலே குடியிருப்புமான கட்டடங்களுக்கு எளிய அனுமதி, அடிமனையில் இருப்போருக்குக் கடன் தகுதி தரும் நீண்டகாலக் குத்தகை, நடு நகரின் அரசு நிலத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வாடகை வீடுகள் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். விடியற்காலையில் நான்கு வீதிகளையும் பெருக்கும் தொழிலாளி அவ்வீதிகளுக்கு அருகிலேயே வாடகை கொடுத்து வாழ முடிந்தால், அவருக்காக வெண்ணாற்றங்கரையில் ஒரு வயலும் தூர்க்கப்பட வேண்டியதில்லை.