கேபிள் பில்லில் நாம் பார்க்காத சேனல்கள்

மாதம் பிறந்ததும் கேபிள்காரர் வாசலுக்கு வருவார். வீட்டில் இருப்பவர் பணத்தைக் கொடுப்பார். அவர் தன் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கீழ்வேளூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். கரண்ட் பில் கொஞ்சம் கூடினாலும் மீட்டரைப் போய்ப் பார்க்கிற நாம், கேபிளுக்குக் கொடுக்கும் பணம் எந்தச் சேனலுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை. குடும்பத் தலைவர் சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருக்க, உம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகளில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

தொலைக்காட்சி வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே டிவி இருக்கிற, மாதாமாதம் பணம் கட்டுகிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம். வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டும் உரிமை 2019 முதல் சட்டப்படி நமக்கு இருக்கிறது. அந்த உரிமையை நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துகிறோம்.

இந்தச் சோதனை முதலில் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை நடைமுறைக்கு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவுக்கும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். அங்கெல்லாம் அப்போது தள்ளிப்போனது, சென்னை மட்டும் மாறியது. இலவசச் சேனல்களுக்கு ஒரு அடிப்படைக் கட்டணம், கட்டணச் சேனல் வேண்டுமென்றால் தனிப் பெட்டி, தனிப் பணம். 2006-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அந்த முறை உள்ள பகுதிகளில் ஒரு கட்டணச் சேனலுக்கு மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. இன்று அந்த 5 ரூபாயை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

நம் டெல்டா ஊர்களுக்கு இதெல்லாம் வந்து சேரவில்லை. இங்கே வயர் வந்தது, எல்லாச் சேனலும் தெரிந்தது, ஒரே தொகை. 2011-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் மறுபடி உயிர்பெற்றபோது மாதம் 70 ரூபாய் என்றார்கள். அந்த 70 ரூபாய்க் காலம்தான் இன்னமும் நம் மனதில் இருக்கிறது. பிறகு 2017-ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து செட்டாப் பாக்ஸ் வந்தது. எந்த வீட்டில் எந்தச் சேனல் தெரிய வேண்டும் என்று பெட்டி வாரியாகத் திறக்கவும் மூடவும் முடிகிற நிலை அப்போதுதான் இங்கே ஏற்பட்டது.

அதே 2017-ல் டிராய் புதிய கட்டண விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலையை நிறுவனம் அறிவிக்க வேண்டும். மக்கள் தனியாகவும் வாங்கலாம், தொகுப்பாகவும் வாங்கலாம் என்பது அதன் சாரம். இதை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்பு சொன்னார்கள். மே மாதம் மூன்றாவது நீதிபதி விதிகள் செல்லும் என்றார். அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் சென்னையில் ஒரே ஒரு விதி மட்டும் விழுந்துபோனது. தொகுப்புக்குத் தனி விலைகளின் கூட்டுத்தொகையிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக்கூடாது என்ற விதி அது. அந்த ஒரு விதி விழுந்ததில்தான் நம் கதை மாறிப்போனது. அதைக் கீழே பார்ப்போம்.

தீர்ப்பு வந்து மூன்று வாரத்துக்குள், நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்த நாட்களில் சேனல் பட்டியலை யார் பார்ப்பார்கள்? அந்த நிலையில்தான் டிசம்பர் 29-க்குள் சேனலைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள், பிறகு ஜனவரி 31 என்றார்கள். 2019 பிப்ரவரி 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுக்காத வீடுகளுக்கு, அவர்கள் பார்க்கும் பழக்கத்துக்கு ஏற்ற ஒரு திட்டத்தை நிறுவனமே போட்டுக்கொடுக்கலாம் என்று டிராய் சொன்னது. பெயர் 'பெஸ்ட் ஃபிட் பிளான்'. நமக்கு எது பொருத்தம் என்று நம்மைக் கேட்காமலே போட்ட திட்டம். இப்போது உங்கள் வீட்டில் ஓடுவது அதன் வழிவந்த பேக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று வயருக்கும் சேவைக்குமான நெட்வொர்க் கட்டணம். மற்றது கட்டணச் சேனல்களின் விலை. 2019-ல் 100 சேனல் வரைக்கும் நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. பிறகு அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்து வெளியிட வேண்டும். ஆகவே உங்கள் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

புதிய தலைமுறை, தந்தி டிவி, கலைஞர் டிவி, தூர்தர்ஷன் சேனல்கள் போன்ற இலவசச் சேனல்களுக்கு இந்த நெட்வொர்க் கட்டணத்துக்கு மேல் எதுவும் தரவேண்டியதில்லை. செய்தி பார்க்கவும், ரமலானில் ஸஹர் நேரத்து மார்க்க நிகழ்ச்சி பார்க்கவும் மட்டுமே டிவி வைத்திருக்கும் வீடுகள் நம்மில் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் பார்க்கும் சேனல்கள் இலவசச் சேனல்கள்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், கட்டணச் சேனல் எதுவும் இல்லாமலே இருக்கலாம். "சும்மா இருக்கட்டுமே" என்று பேக் போட்டிருப்பவர்கள் அதிகம்.

இனி கட்டணச் சேனல்கள். 2019-ல் சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19, விஜய் டிவி 17. இந்த மூன்று மட்டும் எடுத்தால் 55. நெட்வொர்க் கட்டணம் 130 சேர்த்து 185. ஜிஎஸ்டியோடு 218 ரூபாய் 30 காசு. மூன்றே மூன்று சேனலுக்கு இவ்வளவா என்று அன்று எல்லாரும் அதிர்ந்தார்கள். பத்து முன்னணிச் சேனல்களை எடுக்கும் வீட்டின் பில் 25 சதவீதம் கூடும் என்று கிரிசில் நிறுவனம் அப்போது கணக்கிட்டது. டிராய் அதை ஏற்கவில்லை. எப்படியும், செலவைக் குறைக்க வந்த சட்டம் என்று நம்பியவர்களுக்கு முதல் மாதமே ஏமாற்றம்தான்.

ஏன் இப்படி ஆனது? 19 என்ற எண்ணில்தான் விடை இருக்கிறது. ஒரு சேனலின் தனி விலை 19 ரூபாய்க்கு மேல் போனால் அதைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது என்பது விதி. எனவே ஆள் அதிகம் பார்க்கும் சேனல்களுக்கெல்லாம் 19-ஐ ஒட்டியே விலை வைத்தார்கள். தொகுப்புத் தள்ளுபடிக்கோ, 15 சதவீத விதி விழுந்துவிட்டதால், வரம்பே இல்லை. தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 70 சதவீதம் வரை தள்ளி நிறுவனங்கள் தொகுப்பு விற்பதை டிராயே பிறகு சுட்டிக்காட்டியது. தொகுப்பை மலிவாகக் காட்டத் தனி விலையை ஏற்றி வைப்பது, பெருநாள் நேரத்தில் ஜவுளிக்கடைகள் விலையை ஏற்றிப் போட்டுப் பாதி தள்ளுபடி என்று எழுதுவது போலத்தான். 2020-ல் அந்த வரம்பை 12 ரூபாயாகக் குறைக்க முயன்றார்கள். வழக்குகள், ஒத்திவைப்புகள். கடைசியில் 2022 நவம்பரில் மறுபடி 19-க்கே திரும்பினார்கள். ஆனால் தள்ளுபடி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 2023 பிப்ரவரி முதல் அதுதான் நடப்பு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு நிறுவனத்துக்குப் பத்துச் சேனல். தனித்தனி விலையைக் கூட்டினால் 80 ரூபாய். 45 சதவீதம் தள்ளினால் தொகுப்பு 44 ரூபாய். அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு, தலா 19 என்றால் 38. இன்னும் ஆறு ரூபாய் போட்டால் எட்டுச் சேனல் கூடக் கிடைக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். ஆறு ரூபாய்தான், தப்பும் இல்லை. மூன்று சேனல் வேண்டுமென்றால் தொகுப்பே லாபம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீட்டில் பார்ப்பது மூன்று நிறுவனங்களிலிருந்து ஒவ்வொரு சேனல் என்று வையுங்கள். தனியாக எடுத்தால் 57 ரூபாய். மூன்று தொகுப்பும் போட்டால் 132. வித்தியாசம் 75, ஜிஎஸ்டியோடு மாதம் 88 ரூபாய் 50 காசு. வருடத்துக்கு 1,062 ரூபாய். 2024-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியம் 319 ரூபாய். ஆக, மூன்று நாளுக்கும் மேல் வெயிலில் மண் சுமந்த கூலி, யாருமே திறந்து பார்க்காத சேனல்களுக்குப் போகிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27-ஆம் வசனங்கள் வீண்விரயத்தைக் கண்டிப்பதை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கல்யாண விருந்தில் மிஞ்சிய பிரியாணியைப் பார்த்ததும் அது நினைவுக்கு வருகிறது. மாதம் 88 ரூபாயாகப் போவது கண்ணில் படுவதில்லை.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். ஒருவர் செய்தி பார்ப்பார், ஒருவர் விளையாட்டு பார்ப்பார், எல்லாரும் பொதுவாகப் பணம் போட்டால்தான் சிறிய சேனல்களும் பிழைக்கும் என்று. முழுப் பொய் அல்ல. கனடாவில் 2016-ல் அரசு ஒழுங்குமுறை ஆணையம், 25 டாலருக்கு ஒரு சிறிய அடிப்படைத் தொகுப்பும் அதற்கு மேல் தனிச் சேனல் தேர்வும் கட்டாயம் என்றது. அங்கும் தனியாக எடுத்தவர்களுக்குச் சேனல் விலை கடித்தது. ஆனால் இன்னொரு காரணத்தை அவர்கள் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. எத்தனை வீட்டில் தங்கள் சேனல் தெரிகிறதோ அதைக் காட்டித்தான் விளம்பரம் பிடிக்க முடியும். நாம் பார்க்காத சேனலும் நம் வீட்டில் திறந்திருப்பது அவர்களுக்கு வருமானம்.

பணத்தைவிடப் பெரிதாகச் சில பெற்றோர் கவலைப்படுவது வேறு. தொகுப்பில் வரும் எட்டுச் சேனலும் ரிமோட்டில் ஏறிவிடும். மதியம் பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும். செட்டாப் பாக்ஸில் பூட்டுப் போடும் வசதி இருக்கிறது, ஆனால் அந்த ரகசிய எண் நம்மைவிடப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். வாங்காத சேனலுக்குப் பூட்டே தேவையில்லை.

கேபிள்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் நம் தெருக்காரர். தனி ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நெட்வொர்க் கட்டணத்தில் 55 பங்கு மேலே உள்ள நிறுவனத்துக்கு, 45 பங்கு அவருக்கு என்று டிராய் பிரித்தது. 130 ரூபாயில் 58 ரூபாய் 50 காசு. அதில்தான் வயர், ஆள், மழையில் கம்பம் ஏறுவது எல்லாம். முந்நூறு வீட்டுக்கு முந்நூறு விதமான பட்டியல் போடுவது அவருக்குத் தலைவலி. எல்லாருக்கும் ஒரே பேக் என்றால் வேலை சுலபம். அதனால்தான் "தனியா எடுத்தா அதிகமா வரும் பாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அதை நம்பவும் வேண்டாம், அதற்காகச் சண்டையும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தாளை எழுத ஒரு வாரம் போதும். வீட்டில் உண்மையில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். கிரிக்கெட் சீசனில் மட்டும் பார்க்கும் விளையாட்டுச் சேனலை வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சேனலின் விலையும் டிவியில் வரும் சேனல் பட்டியலிலேயே காட்டப்பட வேண்டும் என்பது விதி. 999-ஆம் எண்ணில் வாடிக்கையாளர் தகவல் சேனல் இருக்க வேண்டும் என்றும் டிராய் சொல்லியிருக்கிறது. ஒரு நிறுவனத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டால் தொகுப்பையும் விசாரியுங்கள், ஒன்றே ஒன்று என்றால் தனியாக எடுங்கள். ஹெச்டி சேனலின் விலை தனி. பழைய பெரிய டிவி வைத்துக்கொண்டு ஹெச்டிக்குப் பணம் கட்டும் வீடுகளும் உண்டு. இரண்டாவது டிவி இருந்தால், அதற்கும் முழு நெட்வொர்க் கட்டணம்தான் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். கேட்டும் மாற்றித் தரவில்லை என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் தீராவிட்டால் அதன் நோடல் அதிகாரி. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ், பெட்டி வாங்கினால் போதும். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதே கணக்கு இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ரீசார்ஜோடு ஓடிடி இலவசம் என்கிறார்கள். அதன் விலையும் ரீசார்ஜுக்குள்தான் இருக்கிறது. பட்டன் போன் வைத்துக்கொண்டு, வெளிநாட்டிலிருக்கும் மகனின் அழைப்புக்காக மட்டும் காத்திருக்கும் உம்மாமார்களுக்கும் டேட்டா சேர்த்த ரீசார்ஜ்தான் பல காலம் போட்டுக்கொண்டிருந்தோம். 2024 டிசம்பரில் டிராய், பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் வெளியிட்டன. கடையில் அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போய் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும், பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று டிவியை மூடி வைத்தாலும், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க விதியில் இடமுண்டு. மாதக் கணக்கில்தான் நிறுத்த முடியும், பத்து நாள் இருபது நாள் என்று முடியாது. கிளம்புவதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பே கேபிள்காரரிடம் சொல்லிவிடுங்கள்.